அடி விழுந்தா வலிக்கணும்: சூப்பர்ஹீரோ சண்டைக்காரிங்களப் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விங்க

சித்தி பையன்ல ஆரம்பிச்சு ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஆள் வரைக்கும், யாரு புதுசா மார்வெல் படமோ டிசி சீரிஸோ பாத்துட்டு வந்தாலும் எங்கிட்ட அதே பத்து பதினஞ்சு கேள்வியத்தான் மாத்தி மாத்தி கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்ட காஞ்சதுதான் மிச்சம், அதான் மொத்தமா உக்காந்து எழுதிட்டேன். சண்டைக்காரின்னா நம்ம ஊர்ல தெருக்குழாய்ல கொடத்த தூக்கிக்கிட்டு மல்லுக்கு நிக்கிறவங்கன்னு ஒரு அர்த்தம் இருக்கு, அவங்களும் என் லிஸ்ட்ல உண்டு, ஆனா இங்க பேசப்போறது கேப் போட்டவங்கள.

"ஸ்ட்ராங் ஃபீமேல் கேரக்டர்"னு சொல்றாங்களே, பில்டிங்க தூக்குனா ஸ்ட்ராங்கா?

தூக்கட்டும், யாரு வேணாம்னா. ஆனா நான் பாக்குறது வேற: அடி வாங்குனா வலிக்குதா, ஓடுனா மூச்சு வாங்குதா, குத்துன கை வீங்குதா. இது எதுவுமே இல்லாம தலைய விரிச்சுப் போட்டு ஸ்லோ மோஷன்ல நடந்து வந்தா அது ஷாம்பு விளம்பரம்.

2020-ல வந்த பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே படத்துல கிளைமாக்ஸ் சண்டை ஒரு பாழடஞ்ச பொருட்காட்சி மாதிரி எடத்துல நடக்கும், சுத்தி எல்லாப் பக்கமும் அடியாளுங்க, நடுவுல ப்ளாக் கனாரிக்கு முடி மூஞ்சில விழுந்துக்கிட்டே இருக்கும். ஹார்லி க்வின் சண்டைக்கு நடுவுல அவகிட்ட ஒரு ஹேர் பேண்ட நீட்டுவா, இவ வாங்கி கொண்டையப் போட்டுக்கிட்டு திரும்ப அடிக்கப் போவா, மொத்தமே ரெண்டு மூணு செகண்டுதான். எங்க அக்கா ஸ்கூல்ல கபடி டீம்ல இருந்தவ, படம் பூரா போன நோண்டிக்கிட்டு இருந்தவ இந்த எடத்துல நிமிந்து உக்காந்து "அப்பாடா, ஒருத்தராவது யோசிச்சாங்களே"ன்னா. அந்தப் படத்த எடுத்தது கேத்தி யான்னு ஒரு பெண் டைரக்டர். ஆம்பள டைரக்டருக்கு இது தோணவே தோணாதுன்னு நான் சொல்லமாட்டேன், ஆனா 80 வருஷமா தோணலயே.

மொத லேடி சூப்பர்ஹீரோ வொண்டர் உமன் தானே?

இல்ல, க்விஸ்ல இந்தக் கேள்வி வந்தா உஷாரா இருங்க. 1940-லயே ஜங்கிள் காமிக்ஸ்னு ஒரு புக்குல ஃபாண்டோமான்னு ஒருத்தி வந்துட்டா, கோவம் வந்தா அழகான மூஞ்சி மண்டை ஓடா மாறிடும், வில்லனுங்க கதி அதோகதி, கிட்டத்தட்ட நம்ம ஊரு எல்லைச்சாமி கதை மாதிரி இருக்கும். அப்புறம் 1941 ஏப்ரல்ல மிஸ் ஃப்யூரி, கருஞ்சிறுத்தை தோல்ல தச்ச சூட்ட போட்டுக்கிட்டு ராத்திரில கிளம்புற பணக்காரப் பொண்ணு, பத்திரிகைல ஞாயித்துக்கிழம கலர் பக்கத்துல வந்தது. அத எழுதி வரஞ்சது ஜூன் டார்பே மில்ஸ்னு ஒரு பெண்மணி, பேர்ல இருந்த ஜூன வெட்டிட்டு வெறும் டார்பே மில்ஸ்னு கையெழுத்துப் போட்டாங்க, பொம்பள வரையுறான்னு தெரிஞ்சா பசங்க படிக்கமாட்டாங்கன்னு.

வொண்டர் உமன் அதே 1941 கடைசில தான் கடைக்கு வந்தா. ஆனா நெலச்சு நின்னது அவதான்.

அந்த உண்மையச் சொல்ல வைக்கிற கயிறு எப்படி வந்துச்சு?

இது செம்ம கதை. வொண்டர் உமன உருவாக்குன வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஒரு சைக்காலஜிஸ்ட், பொய் சொன்னா ரத்த அழுத்தம் ஏறும்னு ஆராய்ச்சி பண்ணி டெஸ்ட் கண்டுபுடிச்சவரு, பின்னாடி வந்த லை டிடெக்டர் மெஷினுக்கு அதுவும் ஒரு அடிப்படை. ஆளு காமிக்ஸ் எழுத வந்ததும் ஹீரோயின் கைல கயித்தக் குடுத்துட்டாரு, கட்டுனா உண்மைதான் வரும். அவ கைல போட்டுருக்குற காப்பும் சும்மா வரல. மார்ஸ்டன் வீட்ல மனைவி எலிசபெத்தும் ஆலிவ் பைர்னும் சேந்து குடும்பமா வாழ்ந்தாங்க, ஆலிவ் எப்பவும் பட்டையா ரெண்டு காப்பு போட்டுருப்பாங்களாம், அதுதான் புல்லட்ட தடுக்குற காப்பாச்சு.

இன்னொரு பேரையும் சொல்லிடறேன், ஜாய் ஹம்மல். 1944-ல மார்ஸ்டனுக்கு போலியோ வந்து படுத்துட்டப்ப அவரோட ஸ்டூடண்டா இருந்த இந்தப் பொண்ணு கதை எழுத உக்காந்துச்சு, 70-க்கு மேல ஸ்கிரிப்ட், புக்குல எங்கயும் பேர் கெடையாது. 2018-ல தான் பில் ஃபிங்கர் விருது குடுத்து கூப்புட்டாங்க. அதே காலத்துல கதைக்குள்ள வொண்டர் உமன் ஜஸ்டிஸ் சொசைட்டி டீம்ல சேந்தப்ப குடுத்த வேலை என்ன தெரியுமா? செக்ரட்டரி. தேவதைங்க குடுத்த பலம் எல்லாம் இருக்கு, ஆம்பளைங்க எல்லாம் சண்டைக்குப் போவாங்க, இவ உக்காந்து மினிட்ஸ் எழுதணும்.

நடுவுல வொண்டர் உமனுக்கு பவரே இல்லாம போச்சாமே, நெஜமா?

நெஜம்தான், 1968-ல. கயிறு, காப்பு, ட்ரெஸ் எல்லாத்தயும் புடுங்கிட்டு வெள்ள சூட்டு மாட்டி ஒரு துணிக்கடை வெச்சுக் குடுத்துட்டாங்க, கண்ணு தெரியாத ஒரு கெழ மாஸ்டர் வந்து கராத்தே சொல்லித் தருவாரு. அப்போ பிரிட்டிஷ் டிவில எம்மா பீல்னு ஒரு சண்டைக்கார லேடி உளவாளி ஹிட்டு, அந்தக் காத்து இங்கயும் அடிச்சிருச்சு. 1972-ல க்ளோரியா ஸ்டைனெம் ஆரம்பிச்ச மிஸ் பத்திரிகை பழைய ட்ரெஸ்ல இருக்குற வொண்டர் உமன அட்டைல போட்டு இவள ஜனாதிபதி ஆக்குங்கன்னு போட்டாங்க, அடுத்த வருஷமே பவர் திரும்ப வந்துடுச்சு.

இதுல நான் கொஞ்சம் கட்சி மாறுவேன். ஸ்டைனெம் கேட்டது நியாயம், சூப்பர்மேன் பவர யாராவது புடுங்கி ஜவுளிக்கடைல உக்கார வெப்பாங்களா? ஆனா சண்டைன்னு பாத்தா அந்த அஞ்சு வருஷத்துல தான் டயானா (வொண்டர் உமனோட சொந்தப் பேரு) அடி வாங்கி, விழுந்து, கத்துக்கிட்டு அடிச்சா. புக்க தேடிப் பாத்தா தெரியும். கதை பாதி எடத்துல கண்றாவி, அதையும் மறைக்கல.

பழைய டிவி சீரியல்ல பேட்கேர்ள் ஏன் குத்தவே மாட்டா, காலாலயே ஒதைக்கிறா?

கவனிச்சிருக்கீங்களே! 1967-ல பேட்மேன் சீரியல் மூணாவது சீசன்ல இவான் க்ரெய்க் பேட்கேர்ளா வந்தாங்க. பொண்ணு கைமுட்டிய மடக்கிக் குத்துனா நல்லா இருக்காதுன்னு தயாரிப்பு தரப்புல முடிவு, அதனால ஒண்ணு ஒதைக்கலாம், இல்ல கைல கெடச்ச பொருளால மண்டைல போடலாம். க்ரெய்க் பேசிக்கா பேலே டான்ஸர், கால தலைக்கு மேல தூக்கி சுழட்டுற ஒதைய ரூல்ஸுக்குள்ளயே நின்னு சாதிச்சாங்க. இப்ப பாத்தா அந்த சண்டைல ஆம்பளைங்க ரெண்டு பேரும் சோளக்கொல்ல பொம்ம மாதிரி கைய வீசுவாங்க, இவங்க மட்டும்தான் பேலன்ஸ்ல நிப்பாங்க.

அப்புறம் 1970-கள் ஆரம்பத்துல அமெரிக்க தொழிலாளர் துறைக்காக ஒரு குட்டி விளம்பரம் எடுத்தாங்க. பேட்மேனும் ராபினும் கட்டிப் போட்டுருக்காங்க, பக்கத்துல டைம் பாம் டிக் டிக், பேட்கேர்ள் உள்ள வரா, கட்ட அவுக்காம நின்னு பேசுறா: அதே வேலை, அதே மொதலாளி, ராபினுக்கு மட்டும் ஏன் எனக்கு விட அதிக சம்பளம்? சம வேலைக்கு சம ஊதியச் சட்டத்துக்கான விளம்பரம் அது. தேடிப் பாருங்க, ஒரு நிமிஷம் தான், பாம் வெடிக்கப் போறப்ப சம்பளம் பேசுறது எவ்ளோ பெரிய மாஸு.

காமிக்ஸ்லயே பெஸ்ட் ஃபைட்டர் யாரு? பவர் இல்லாம, வெறும் கை காலு?

எத்தன பேர் வேணா சண்டைக்கு வாங்க, என் பதில் காசாண்ட்ரா கெய்ன். 1999-ல வந்தவ, பேட்கேர்ள் பேர அடுத்து எடுத்துக்கிட்டவ, கெல்லி பக்கெட் எழுத்து, டேமியன் ஸ்காட் படம். அப்பன் டேவிட் கெய்ன் கூலிக்குக் கொல்ற ஆளு. புள்ளைக்குப் பேச்சே காதுல விழாம வளக்குறான், மொழிக்குன்னு மூளைல இருக்குற எடமெல்லாம் ஒடம்பு அசைவ படிக்கப் போயிடுது. எதிராளி தோள் லேசா எறங்குனா அடுத்து எந்தக் கை வரும்னு அவளுக்கு வாக்கியம் மாதிரி தெரியும். எட்டு வயசுல அப்பன் ஒருத்தன கொல்ல வைக்கிறான், அவன் சாகறப்ப ஒடம்பு என்னென்ன சொல்லுச்சோ அத்தனையும் இவ படிச்சுட்டா. அன்னிக்கு ஓடுனவதான், அதுக்கப்புறம் யாரையும் கொல்லக்கூடாதுன்னு இருக்கா.

பின்னாடி ஒரு டெலிபதி ஆளு அவ மூளைய கலச்சு விட்டு வார்த்தைய புரிய வெச்சுடுவான், நல்லதுதானேன்னு நெனச்சா, வார்த்தை உள்ள வந்ததும் ஒடம்ப படிக்கிற வித்தை போயிடும். நேத்து வரைக்கும் தொட முடியாதவ இன்னிக்கு சாதா ரவுடிகிட்ட அடி வாங்குவா. லேடி ஷிவான்னு ஒருத்தி, டிசி உலகத்துலயே பயங்கரமான மார்ஷியல் ஆர்ட்ஸ் ஆளு, அவ வந்து ஒரு டீல் போடுவா: வித்தைய நான் திருப்பித் தரேன், ஒரு வருஷம் கழிச்சு என்கூட சாகற வரைக்கும் சண்டை போடணும். இவ யோசிக்காம சரிம்பா. அந்த சண்டை பேட்கேர்ள் இருபத்தஞ்சாவது புக்குல வரும், எப்படி முடியும்னு சொல்லமாட்டேன், பக்கத்துக்குப் பக்கம் வசனமே கெடையாது, ஆனா நீங்க ஒவ்வொரு அடியையும் படிப்பீங்க. ஒரு கட்டத்துல படிக்கிற நாமளே காசாண்ட்ரா மாதிரி தோளையும் பாதத்தையும் பாத்துக்கிட்டு இருப்போம், அதுதான் அந்த ஆர்ட்டிஸ்ட் பண்ண வேலை.

ரெண்டாவது எடம் ஸ்டார்முக்கு. மழை மின்னல வரவழைக்குற பவர் எல்லாம் போயி வெறும் ஆளா நிக்கிறப்ப, எக்ஸ்மென் டீமுக்கு யாரு தலைவர்னு சைக்ளாப்ஸ் கூட ஒத்தைக்கு ஒத்தை. 201-ம் நம்பர் புக்கு, அட்டைல 1986 ஜனவரி. அவனுக்குக் கண்ணுல லேசர், இவளுக்கு ஒண்ணும் கெடையாது. பதுங்கிப் பதுங்கிப் போய் அவன் கண்ணுல மாட்டிருக்குற வைசர கழட்டிட்டா, முடிஞ்சது கதை.

ஏதோ ஃப்ரிட்ஜ் ஃப்ரிட்ஜ்னு சொல்றாங்களே, அது என்ன?

1994-ல டிசியோட கிரீன் லாண்டர்ன் கதைல ஹீரோ வீட்டுக்கு வருவான், லவ்வர வில்லன் கொன்னு ஃப்ரிட்ஜுக்குள்ள திணிச்சு வெச்சிருப்பான். எதுக்குன்னா ஹீரோவுக்குக் கோவம் வரணும்ல, அதுக்கு. அப்போ கெயில் சிமோன்னு ஒருத்தங்க பார்லர்ல முடி வெட்டிக்கிட்டு இருந்தாங்க, பயங்கர காமிக்ஸ் பைத்தியம். 1999-ல அவங்க உக்காந்து லிஸ்ட் எடுத்தாங்க: எந்தெந்தப் பொண்ணுங்க செத்தாங்க, யாரு பவர் போச்சு, யாரு கை கால் முடமாச்சு. லிஸ்ட் போயிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு "விமன் இன் ரெஃப்ரிஜரேட்டர்ஸ்"னு வெச்ச பேரு ஒட்டிக்கிச்சு, இன்னிக்கும் ஹீரோவ ஏத்தி விடறதுக்காக ஒரு பொண்ண சாகடிச்சா "ஃப்ரிட்ஜ் பண்ணிட்டாங்க"ம்பாங்க. நம்ம படத்துலயும் இடைவேளைக்கு முன்னாடி தங்கச்சி எத்தன தடவ செத்துருக்குன்னு எண்ணிப் பாருங்க. கெயில் சிமோன் அப்புறம் பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே எழுதுனாங்க, 2007-ல வொண்டர் உமன் புக்கே அவங்க கைக்கு வந்துச்சு.

மார்வெல் மட்டும் யோக்கியமான்னா, 1980-ல அவெஞ்சர்ஸ் 200-வது புக்குல, பின்னாடி கேப்டன் மார்வெல் ஆன கரோல் டான்வர்ஸ ஒருத்தன் மூளைய மயக்கி, கர்ப்பமாக்கி, கடைசில அவன்கூடவே கெளம்பிப் போக வைப்பான், மத்த ஹீரோங்க எல்லாம் வாழ்த்தி டாட்டா காட்டுவாங்க. படிக்கிறப்ப வயித்தப் பொரட்டும். அடுத்த வருஷம் க்றிஸ் க்ளேர்மாண்ட் அவெஞ்சர்ஸ் ஆனுவல்ல அவள திருப்பிக் கொண்டாந்து, அத்தன பேரையும் நிக்க வெச்சு நான் எந்த நெலமைல போனேன்னு உங்கள்ல ஒருத்தருக்குமே ஒறைக்கலயான்னு கேக்க வெச்சாரு. ஒரு குத்து கூட விழல. எனக்குத் தெரிஞ்சு கரோல் அடிச்சதுலயே பெரிய அடி அதுதான்.

பேட்கேர்ள் வீல்சேருக்குப் போனதும் கேரக்டர் காலியாயிடுச்சுல்ல?

அதுதான் இல்ல. 1988-ல தி கில்லிங் ஜோக்ல ஜோக்கர் சுட்டு, பேட்கேர்ளா இருந்த பார்பரா கார்டனுக்கு இடுப்புக்குக் கீழ செயலிழந்து போச்சு, டிசி அதோட கைய கழுவிட்டாங்க. கிம் யேலும் அவங்க புருஷன் ஜான் ஆஸ்ட்ராண்டரும் இத இப்படியே விடக்கூடாதுன்னு சூசைட் ஸ்க்வாட் புக்குல ஆரக்கிள்னு ஒருத்திய கொண்டாந்தாங்க, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து உலகத்தையே கண்காணிக்கிற ஆளு, யாருன்னு பாத்தா பார்பரா. பேட்மேனே தகவலுக்கு இவகிட்ட வரணும். அதுக்கு மேல எஸ்க்ரிமான்னு பிலிப்பைன்ஸ் சண்டைக் கலையோட கம்பு ரெண்டு எப்பவும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கும், உக்காந்த எடத்துலயே கிட்ட வந்தவன் முட்டிய பேத்துடுவா. 2011-ல மறுபடி எழுந்து நடக்க வெச்சு பேட்கேர்ள் ஆக்குனாங்க, பாதி பேருக்கு சந்தோஷம், வீல்சேர்ல இருந்து படிச்ச ரசிகர்களுக்கு அது ஒரு இழப்பு. எனக்கும் ஆரக்கிள் தான் புடிக்கும்.

படத்துல நெஜமாவே ஹீரோயின் தான் சண்டை போடுறாங்களா, டூப்பா?

ரெண்டும். ப்ளாக் விடோன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது எகிறி எதிராளி கழுத்துல காலப் பின்னி சுழட்டி தரைல அடிக்கிறது தானே, அது மெக்ஸிகோ ரெஸ்லிங்ல இருந்து வந்த ஹுரகன்ரானா, 90ஸ் கிட்ஸுக்கு ரே மிஸ்டீரியோன்னா புரியும். ஸ்கார்லெட் ஜோஹான்சனுக்கு அத பல படத்துல பண்ணது ஹைடி மனிமேக்கர், ஜிம்னாஸ்டிக்ஸ்ல இருந்து வந்தவங்க. 2021 ப்ளாக் விடோ படத்துல தங்கச்சி எலீனா அந்த ஒரு முட்டி போட்டு முடிய சிலுப்புற போஸ கிண்டல் பண்ணுவா பாருங்க, பத்து வருஷமா ரசிகர்கள் சொன்னத படமே சொல்லிடுச்சு.

ஸ்டண்ட் பண்ற பெண்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கு, இது யோசிச்சா தான் ஒறைக்கும். ஆம்பள டூப்புக்கு கோட்டு பேண்ட்டுக்கு உள்ள முட்டி, முதுகு, இடுப்புன்னு பேடு கட்டிடலாம். ஹீரோயின் போட்டுருக்குறது குட்டப் பாவாடையும் கையில்லாத சட்டையும்னா டூப்பும் அதத்தான் போடணும், பேடு எங்க கட்டுறது? மாடிப்படில உருண்டா தோலு தான் பேடு. 1970-கள்ல வொண்டர் உமன் சீரியல்ல லிண்டா கார்ட்டருக்கு டூப் போட்ட ஜீனி எப்பர் அந்த நீச்சல் ட்ரெஸ் மாதிரி ட்ரெஸ்லயே எல்லாத்தயும் பண்ணாங்க. அவங்களும், ஸீனா சீரியல்ல லூசி லாலஸ்க்கு டூப் போட்ட ஸோயி பெல்லும் சேந்து வர்ற டபுள் டேர்னு ஒரு டாக்குமெண்டரி இருக்கு, பாத்துடுங்க. அதுக்கு முன்னாடியெல்லாம் ஆம்பளைக்கு விக் மாட்டி ஹீரோயின் ட்ரெஸ்ஸ போட்டு குதிக்க விடறது தான் வழக்கம், நம்ம பழைய படங்கள்லயும் பாஸ் பண்ணிப் பாத்தா சேலைக்குக் கீழ மயிர்க்காலு தெரியும்.

அம்பது கிலோ பொண்ணு நூறு கிலோ ஆள அடிக்கிறதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு?

காத்துல பறக்குறவனையும் கண்ணுல லேசர் விடறவனையும் நம்பிட்டு இங்க வந்து கிலோ கணக்கு பாக்குறீங்க பாத்தீங்களா? சரி, கேள்விக்கு வர்றேன். எடை விஷயம் உண்மைதான், குஸ்தி, பாக்ஸிங் எல்லாத்துலயும் சும்மாவா எடைப் பிரிவு வெச்சிருக்கான். அதனால நல்லா ஃபைட் கம்போஸ் பண்றவங்க என்ன பண்ணுவாங்கன்னா, நேருக்கு நேர் குத்து போட விடமாட்டாங்க. மூட்டு, கழுத்து, கண்ணு, படிக்கட்டு, கைல கெடச்ச சாமான்.

2017-ல வந்த அட்டாமிக் ப்ளாண்ட், சூப்பர்ஹீரோ படம் இல்ல ஆனா காமிக்ஸ்ல இருந்து வந்த படம்தான், அதுல ஒரு மாடிப்படி சண்டை இருக்கு. பல ஷாட்ட ஒட்டு தெரியாம ஒட்டி ஒரே டேக் மாதிரி ஓடும். ஷார்லீஸ் தெரான் ஒவ்வொருத்தனா அடிக்க அடிக்க சோர்ந்துக்கிட்டே வருவாங்க, ஒரு கட்டத்துல இவங்களும் எதிராளியும் எழுந்து நிக்கவே முடியாம சுவத்தப் புடிச்சுக்கிட்டு தள்ளாடி, ஓங்குன கை பாதில தொங்கிப் போயி, ரெண்டு பேரும் மூச்சு வாங்கிட்டு திரும்ப ஆரம்பிப்பாங்க. படத்துல அவங்க வர்ற மொத சீனே ஒடம்பெல்லாம் கன்னிப் போயி ஐஸ் தண்ணி தொட்டில முங்கிக் கெடக்குறதுதான். ட்ரெயினிங்ல பல்லக் கடிச்சுக் கடிச்சு ரெண்டு பல்லு விரிசல் விட்டுப் போச்சு அவங்களுக்கு. இத பாத்துட்டு நம்ப முடியலன்னு யாரும் எங்கிட்ட சொன்னதில்ல.

பொம்பளைங்க மட்டும் இருக்குற படை, வக்காண்டாவுல, அது சும்மா கற்பனையா?

அந்தப் படைக்குப் பேரு டோரா மிலாஜே, வக்காண்டான்றது மார்வெல்ல ப்ளாக் பாந்தர் ஆளுற கற்பனை ஆப்பிரிக்க நாடு. காமிக்ஸ்ல 1998-ல க்றிஸ்டோபர் ப்ரீஸ்ட் காலத்துல வந்தாங்க. ஆனா ஆப்பிரிக்காவுல, இப்போ பெனின்னு சொல்ற நாட்டுல, டஹோமேன்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு, அங்க அகோஜின்னு நெஜமாவே பெண்கள் படை. 1890-கள்ல பிரெஞ்சு ராணுவத்த நேருக்கு நேர் எதுத்து நின்னுருக்காங்க. அதே ராஜ்ஜியம் அடிமை வியாபாரமும் பண்ணுச்சு, அதையும் சொல்லாம விட்டா முழுக்கதை ஆகாது.

2018 ப்ளாக் பாந்தர்ல ஓக்கோயே விக்க கழட்டி எதிராளி மூஞ்சில அடிப்பாளே அது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் புடிச்சது 2021-ல வந்த ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர் சீரிஸ். கவர்மெண்ட் புதுசா நியமிச்ச கேப்டன் அமெரிக்கா ஜான் வாக்கர், டோரா மிலாஜேல ஒருத்தியான அயோ தோள்ல கைய வெச்சு சமாதானம் பேசப் பாப்பான். அவ்ளோதான். ஈட்டிய வெச்சே ஆள புரட்டி எடுத்துடுவாங்க. நடுவுல தடுக்க வந்த விண்டர் சோல்ஜர் பக்கியோட இரும்புக் கைய அயோ நாலு எடத்துல தட்டுவா, கை கழண்டு தரைல விழும், வக்காண்டாவுல செஞ்ச கை தானே, கழட்டத் தெரியாதா. கடைசில வாக்கர் தரைல உக்காந்து, இவங்க சூப்பர் சோல்ஜர் கூட இல்லயேன்னு மொனகுவான். எங்க தெருவுல சிலம்பம் கத்துக்குற பொண்ணு ஒண்ணு இருக்கு, அதுகிட்ட காட்டுனேன், ரெண்டு முனையும் வேலை செய்யுதுண்ணே, ஒத்த முனையா புடிக்கல பாருங்கன்னுச்சு. இதுக்கு மேல ரிவ்யூ வேணுமா.

எண்ட்கேம்ல எல்லா லேடீஸும் ஒண்ணா வந்து நிக்கிற சீன் மாஸு தானே?

தியேட்டர்ல நானும் விசில் அடிச்சேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா அது குரூப் ஃபோட்டோ. யுத்தகளத்துல அங்கங்க இருந்தவங்க எல்லாம் எப்படிய்யா ஒரே ஃப்ரேம்ல வந்து நின்னாங்க? அதுக்கு முந்துன இன்ஃபினிட்டி வார்ல ப்ராக்ஸிமா மிட்நைட்னு ஒரு வில்லிய வாண்டாவும் ஓக்கோயேவும் ப்ளாக் விடோ நடாஷாவும் பள்ளத்துக்குள்ள சேந்து அடிக்கிறது இருக்கே, அதுல ஒருத்தி விழுந்தா இன்னொருத்தி உள்ள வருவா, காரணத்தோட வருவா. அது சண்டை.

பொம்பள ஹீரோ படம் ஓடாதுன்னு சொல்றாங்களே?

சொல்றவங்க சின்ன ஆளுங்க இல்ல. 2014-ல மார்வெல் பெருந்தலை ஐக் பெர்ல்மட்டர் சோனிக்கு அனுப்புன ஒரு ஈமெயில் பின்னாடி ஹேக்ல வெளிய வந்துச்சு, அதுல கேட்வுமன், எலெக்ட்ரா, சூப்பர்கேர்ள்னு மூணு தோல்விப் படத்த வரிசையா போட்டுருந்தாரு. மூணும் படு மொக்கப் படம்ன்றது மட்டும் அந்த லிஸ்ட்ல இல்ல! 1984-க்கும் 2005-க்கும் நடுவுல ஆம்பள ஹீரோ மொக்கப் படம் எத்தன வந்துச்சு, யாராச்சும் ஆம்பள ஹீரோ ஓடமாட்டான்னு கடைய மூடுனாங்களா?

2017-ல பாட்டி ஜென்கின்ஸ் எடுத்த வொண்டர் உமன் உலகம் பூரா 80 கோடி டாலருக்கு மேல, 2019-ல கேப்டன் மார்வெல் 110 கோடி டாலருக்கு மேல. 2023-ல தி மார்வெல்ஸ் 20 கோடிய ஒட்டியே நின்னுடுச்சு, உடனே பழைய பாட்டு திரும்ப ஆரம்பிச்சுடுச்சு. அந்த வருஷம் டிசியோட தி ஃப்ளாஷும் ஊத்திக்கிச்சு, அத வெச்சு ஆம்பளைங்களப் பத்தி யாரும் ஆராய்ச்சி பண்ணல.

வொண்டர் உமன் எதனால ஓடுச்சுன்னு கேட்டா நான் நோ மேன்ஸ் லேண்ட் சீனத்தான் சொல்லுவேன். மொத உலகப்போர் பதுங்குகுழி, ஒரு வருஷமா ஒரு அடி நகராத போர்முனை, ஏணில ஏறி வெளிய வரா. கவனிங்க, அந்த சீன்ல ரொம்ப நேரம் அவ யாரையுமே அடிக்கல. மொத புல்லட்ட காப்புல தட்டி விடுவா, அப்புறம் மெஷின் கன் அவமேல திரும்புனதும் கேடயத்துக்குப் பின்னாடி ஒடுங்கி முட்டி மடங்கி, கால் சேத்துல வழுக்க அப்படியே தாக்குப் புடிச்சு நிப்பா. மொத்த குண்டும் அவமேல வர்றதால மத்தவங்க ஓடி வர வழி கெடைக்கும். ரீஷூட் அப்போ கால் கடோட் அஞ்சு மாச கர்ப்பம், வயித்துல பச்சத் துணிய ஒட்டி கிராஃபிக்ஸ்ல அழிச்சாங்க.

தமிழ்ல படிக்க ஏதாச்சும் உண்டா, இல்ல எல்லாம் இங்கிலீஷ் தானா?

அட, நமக்கு மார்வெல் வர்றதுக்கு எவ்ளோ நாள் முன்னாடியே மாடஸ்டி ப்ளைசி இருக்காங்கய்யா! 1984-ல சிவகாசில இருந்து லயன் காமிக்ஸ் ஆரம்பிச்சப்ப மொத இதழே "கத்தி முனையில் மாடஸ்டி". 80-கள்ல பள்ளிக்கூடத்துக்குப் பைல ஒளிச்சு எடுத்துட்டுப் போன கூட்டத்துக்கு அவங்க இன்னிக்கும் "இளவரசி" தான், கதைல கூட்டாளி வில்லி கார்வின் அப்படித்தான் கூப்புடுவான். பவர் கெடையாது, அதனால ஸ்ட்ரிக்டா பாத்தா சூப்பர்ஹீரோ இல்ல, இருந்தாலும் எனக்கு லிஸ்ட்ல மொத ஆளு. கைக்குள்ள அடங்குற மாதிரி கொங்கோன்னு ஒரு சின்ன கட்டை, ரெண்டு முனையும் குமிழ் மாதிரி இருக்கும், கொண்டையிலயோ கைப்பையிலயோ கெடக்கும், நரம்பு பாத்து ஒரு தட்டு தட்டுனா ஆளு சரியும். கிலோ கணக்கு கேட்டவங்க இதையும் படிக்கலாம்.

அவங்கள எழுதுன பீட்டர் ஓடானல் ரெண்டாம் உலகப்போர்ல சிப்பாயா ஈரான் பக்கம் இருந்தப்ப, பன்னெண்டு வயசு இருக்குற ஒரு அகதிப் பொண்ணு தனியா நடந்து வந்துச்சாம். கழுத்துல கயித்துல ஒரு ஆயுதம், மரக்கட்டைல நீள ஆணிய வெச்சுக் கட்டுனது. இவங்க குடுத்த சாப்பாட்ட வாங்கிக்கிட்டு, ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, இளவரசி மாதிரி நடந்து போயிடுச்சாம். இருபது வருஷம் கழிச்சு 1963-ல லண்டன் பத்திரிகைல அந்தப் பொண்ணு மாடஸ்டியா வந்துச்சு.

படம்னா, 2025 ஆகஸ்ட்ல வந்த மலையாளப் படம் லோகா, கல்யாணி ப்ரியதர்ஷன் நடிச்சது, கள்ளியங்காட்டு நீலி யட்சிக் கதைய எடுத்து சூப்பர்ஹீரோ ஆக்குனது, 300 கோடி ரூபா வசூல தாண்டிச்சு. நீலி கதை நமக்கும் புதுசா என்ன, பழையனூர் நீலி நம்ம ஊரு தானே. ஏன் நம்மாளுங்களுக்குத் தோணலன்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க, வயித்தெரிச்சல்.

எம் பொண்ணுக்கு எட்டு வயசு, எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

லிண்டா கார்ட்டர் சீரியல் காட்டுங்க, சுத்தி சுத்தி ட்ரெஸ் மாறுற அந்தச் சுத்து லிண்டாவே சொன்ன ஐடியா, எங்கக்கா பொண்ணு ஹால்ல சுத்தி டீப்பாய்ல இடிச்சு நெத்தில புடப்பு வாங்குனா, அதனால கொஞ்சம் எடம் விட்டுக் காட்டுங்க. ஒரு பத்து பன்னெண்டு வயசு ஆனதும் 2014-ல ஆரம்பிச்ச மிஸ் மார்வெல் காமிக்ஸ், கமலா கான், வீட்ல அம்மா திட்டுவாங்க, அண்ணன் அட்வைஸ் பண்ணுவான், அதுக்கு நடுவுல ஊரையும் காப்பாத்தணும், நம்ம வீடு மாதிரியே இருக்கும். 2017 வொண்டர் உமன் படமும் அந்த வயசுக்கு ஓக்கே. காசாண்ட்ரா கெய்ன் இன்னும் ரெண்டு மூணு வருஷம் தள்ளி. லோகன் படத்துல லாரா குட்டிப் பொண்ணா இருக்காளேன்னு ஏமாந்து போட்டுடாதீங்க, தலை உருளும். ஜெசிக்கா ஜோன்ஸ் சீரிஸ் ரொம்ப நல்லா இருக்கும், ஆனா அது உங்களுக்கு, புள்ள தூங்குனதுக்கு அப்புறம், ஹெட்செட் மாட்டிக்கிட்டு.